சோர்வும் ஒரு வினைவாயில்



உயிரை வினை கட்டுவதற்குரிய காரணங்கள் ஐந்து என நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். பொய்க்காட்சி, விரதமின்மை, பிரமாதம், கஷாயம், யோகம் என்பன அவை. இவற்றுள் நடுவே நிற்கும் பிரமாதத்தை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிரமாதமாவது சோர்வு; செய்யத்தக்கதை அறிந்திருந்தும் 'நாளை பார்ப்போம்' என்று தள்ளி வைக்கும் விழிப்பின்மை. உயிருக்கு வினை ஊறும் இவ்வாயில் வழியே உடலுக்கு நோயும் ஊறுகிறது. வாய், தொண்டை, குரல்வளை ஆகிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய் இதற்குத் தக்க சான்றாகும்.

முதலில் ஊற்று எது எனக் காண்போம். கள்ளையும் புலாலையும் விலக்கி, நீரை வடிகட்டிப் பருகி, இருள் சேருமுன் உண்டு முடிக்கும் நம் இல்லங்கள் பலவற்றில் வெற்றிலைத் தட்டு மட்டும் குற்றமற்றதாக இருந்து வருகிறது. பீடி, சிகரெட், சுருட்டு, மெல்லும் புகையிலை, குட்கா ஆகிய எவ்வடிவிலும் புகையிலை இந்நோய்க்குத் தலையாய காரணமாகும். அதனோடு மதுவும் சேருமாயின் தீங்கு கூடுவதன்று, பெருகுவதாகும். புகையிலை சேராத பாக்கில் பிழையென்ன என்பாருமுளர். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையிலையில்லாத வெற்றிலைபாக்கும், பாக்கு தானுமேகூட, மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என்று 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அறிவித்துள்ளது. பாக்கையும் பான் மசாலாவையும் ஓயாது மெல்வோர்க்குக் கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகி, வாய் திறப்பது வரவரச் சுருங்குவதும் உண்டு. அது புற்றாக மாறக்கூடிய நிலை.

இனிச் செறிப்பு. போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தில், வாழ்நாள் முழுதும் விடுவது யமம், கால எல்லை வைத்து விடுவது நியமம் என இருவகை கூறப்படும். இன்றே யமமாக விட இயலாதவர் பத்து நாள் தசலட்சண பருவத்திலேனும் நியமமாகத் தொடங்கலாம். பத்து நாள் விட்டவருக்குப் பதினோராம் நாள் சற்று எளிதாகும். விட்ட நாளிலிருந்தே நோய்க்கான வாய்ப்பும் குறையத் தொடங்குகிறது.

வாயிலை அடைத்தால் மட்டும் போதாது. முன்னரே புகுந்தது உண்டா எனவும் ஆராய வேண்டும். ஒவ்வொரு நாளும் செய்த பிழைகளை எண்ணிப் பார்க்கும் பிரதிக்கிரமணம் நமக்குப் புதிதன்று. அவ்வாறே திங்களுக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம், நாவின் இருபக்கம், நாவின் அடிப்புறம் ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். கழுத்தைத் தடவியும் பார்த்தல் வேண்டும். மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெண்படலம், செந்நிறத் திட்டு, காரணமின்றி ஆடும் பல், மாறாத குரல் கம்மல், விழுங்குவதில் தடை, ஒரு காதில் மட்டும் நீடிக்கும் வலி, கழுத்தில் கரையாத கட்டி ஆகியவற்றுள் ஒன்று காணினும் மருத்துவரை நாட வேண்டும். இவையெல்லாம் புற்றே என அஞ்ச வேண்டுவதில்லை. அன்று என நாமே தீர்மானித்துக் கொள்ளவும் கூடாது. தொடக்கத்தில் இப்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லை என்பதையே நலத்தின் அடையாளமாகக் கொள்வதுதான் நாம் முன்னர்க் கூறிய பிரமாதம். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சதைத்துணுக்குச் சோதனைக்கு அஞ்சுவதும் வீண் அச்சமே.

பார்த்தலின் பயன் சிறிதன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய 1,90,000 பேரிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. அவருள் ஒரு பாதியினருக்குப் பயிற்சி பெற்ற ஊழியர் வீடு தேடிச் சென்று, வெறுங்கண்ணால் வாயைச் சோதித்தனர். அவ்வாறு சோதிக்கப்பட்டோருள் புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையாரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததென 2005ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. அரிய கருவி எதுவும் இன்றி, கண்ணும் விளக்குமே இத்தனை உயிர்களைக் காத்தன.

'வந்தது வினைப்பயன், மருந்து எதற்கு?' என்று சிலர் வினவுவர். இரத்தின கரண்டக சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திர ஆசாரியர் வரலாற்றை அவர்கள் நினைத்தல் நன்று. பஸ்மக நோயால் வருந்திய அவர், சல்லேகனை ஏற்கக் குருவிடம் இசைவு வேண்டினார். குருவோ இசையாமல், நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் துறவு ஏற்குமாறு பணித்தார் என மரபு கூறும். அந்நூலும், பரிகாரமில்லாத நோய்க்கே சல்லேகனையை உரைக்கின்றது. பரிகாரம் உள்ள நோயைப் பாராமல் விடுவது துறவும் ஆகாது, பொறுமையும் ஆகாது.

மற்றொன்றும் கூறுவோம். எப்பழக்கமும் இல்லாதவர்க்கும் இந்நோய் வருவதுண்டு; ஒருவகை வைரசும் தொண்டைப் புற்றுக்குக் காரணமாகிறது. ஆதலின் நோயுற்றவரைக் கண்டு 'இவர் செய்த பாவம்' எனப் பழித்தல் அகிம்சைக்கு இழுக்கு. பழிச்சொல்லுக்கு நாணியே பலர் நோயை மறைக்கின்றனர். மறைத்த நாட்களில் அது வளர்கிறது.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நான்கு. பொருளுடையார் மருந்துக்கு உதவுக. பொருளில்லாதார், வாயில் புண்ணோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று உடனிருந்து வருக. அதுவும் ஔஷத தானமே, அவர் அச்சம் தீர்வதால் அபய தானமும் ஆகும். நற்காட்சியால் நோயைக் காண்போம். நன்ஞானத்தால் அதன் காரணம் அறிவோம். நல்லொழுக்கத்தால் அதனை விலக்குவோம்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! ஜினதருமம் ஓங்குக!