பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், பொறுப்பை அனுப்பாதீர்கள்



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் பகுதிகளில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரே பேச்சுதான். பிள்ளையை எங்கே சேர்ப்பது? கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவரும், விசைத்தறி ஓட்டுபவரும், லாரித் தொழில் நடத்துபவரும் இந்தக் கவலையில் ஒன்றுபட்டு விடுகின்றனர். அண்மைக் காலமாக இப்பேச்சில் புதிய குரல் ஒன்றும் கேட்கிறது. “பள்ளிக்கூடம் போனால் பிள்ளைக்குத் தொழுகை போகிறது, பேச்சு மாறுகிறது, பெரியவர்களிடம் மரியாதை குறைகிறது. வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுத்தால் என்ன?” என்று சில பெற்றோர் கேட்கின்றனர்.

இக்கேள்வியைக் கேலி செய்து ஒதுக்கலாகாது. பிள்ளையின் தீனைப் பற்றிய அச்சத்தில் பிறந்த கேள்வி அது. ஆகவே நிதானமாக ஆராய்வோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும். பிள்ளை நமக்குச் சொந்தமான பொருள் அன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். திருமறையின் அத்தஹ்ரீம் அத்தியாயத்தில் (66:6), ஈமான் கொண்டோர் தம்மையும் தம் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக் கொள்ள வேண்டுமென்று அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகிறான். அக்கட்டளை பெற்றோருக்கு இடப்பட்டது. தலைமை ஆசிரியருக்கு அன்று. ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம்.

அப்படியானால் பிள்ளையை வெளியே அனுப்பாமல் இருப்பதே பொறுப்பு என்று பொருளா? நம் முன்னோர் அவ்வாறு பொருள் கொள்ளவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் அன்னை, சிறுவராயிருந்த மகனுக்கு நல்லுடை அணிவித்து, தலைப்பாகை கட்டி, மதீனத்து அறிஞர் ரபீஆ அவர்களிடம் அனுப்பி வைத்தார்கள். ஆசானின் அறிவைப் பெறுமுன் அவருடைய ஒழுக்கத்தைப் பெற்றுக்கொள் என்றும் அறிவுறுத்தினார்கள். அந்தத் தாய் பிள்ளையைத் தன்னிடமே நிறுத்திக் கொள்ளவுமில்லை. எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடவுமில்லை. எதைக் கற்று வர வேண்டும் என்று சொல்லியே அனுப்பினார்கள்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ தந்தையை இழந்த ஏழைப் பிள்ளை. மக்தபின் ஆசிரியருக்குக் கொடுக்க அவர்களின் தாயாரிடம் பொருளில்லை. ஆசிரியர் இல்லாத வேளையில் மற்றப் பிள்ளைகளை அவர்கள் பார்த்துக் கொண்டதால், அதையே கூலியாக ஏற்று ஆசிரியர் ஓத வைத்தார். வறுமை இருந்தும் அத்தாய் மகனை மக்தபிலிருந்து நிறுத்தவில்லை.

“அந்தக் காலத்து ஆசிரியர்கள் தீனோர். இன்று அப்படியா?” என்று கேட்போர் பத்ருப் போரை நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு நடந்த அப்போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் ஈட்டுத் தொகை கொடுக்க இயலாதோர் இருந்தனர். அவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அந்த ஆசிரியர்கள் முஸ்லிம்கள் அல்லர். நேற்றுவரை வாளேந்தி எதிர்த்தவர்கள். எழுத்தை அவர்களிடம் கற்ற பிள்ளைகளுக்கு ஈமானை ஊட்ட வீடும் மஸ்ஜிதும் இருந்தன. ஆகவே அஞ்சத் தேவையிருக்கவில்லை.

இனி வீட்டுக் கல்விக்குச் சான்றாகச் சிலர் காட்டும் பெரியாரைப் பார்ப்போம். 1888-இல் மக்காவில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்லர். வீட்டிலேயே கற்று 1947 முதல் 1958 வரை இந்தியாவின் முதல் கல்வி அமைச்சராக விளங்கினார்கள். அவர்கள் பிறந்த நவம்பர் 11-ஆம் நாள் 2008 முதல் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அந்த வீடு எத்தகைய வீடு? தந்தை தாமே ஓர் ஆலிம். பாடம் சொல்லித் தரத் தனி ஆசிரியர்களும் அவ்வீட்டுக்கு வந்தனர். அவ்விதம் கற்ற அதே மௌலானா, அமைச்சரானதும் நாட்டு மக்களை நோக்கி வீட்டிலேயே படிக்க வையுங்கள் என்று சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச அடிப்படைக் கல்வி வேண்டுமென்றே வாதாடினார்கள். தமக்குக் கிடைத்த வீடு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த உண்மையை நாமும் கண்கூடாகக் கண்டோம். கொரோனா நோயால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்கு வந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு மேல் தமிழகத்தில் ஒவ்வொரு வீடும் பள்ளிக்கூடமாயிருக்க வேண்டியிருந்தது. படித்த தாயும், ஓய்வுள்ள தந்தையும், கைப்பேசியும் இருந்த வீடுகளில் பிள்ளைகள் கற்றனர். மற்ற வீடுகளில்? படித்ததையும் மறந்தனர்; பையன்கள் பட்டறைக்கும் தறிக்கும் போயினர். விட்டுப்போன பாடத்தை ஈடுகட்டவே 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, தெருத்தெருவாகத் தன்னார்வலர்களை நியமித்தது. வீட்டில் இருப்பது வேறு, வீட்டில் கற்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே நம் சமுதாயத்தின் பழைய வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளை பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, “வீட்டிலேயே ஓதட்டும், படிக்கட்டும்” என்பார்கள். சில நாட்களில் புத்தகம் பரணுக்குப் போகும். பிள்ளை அடுப்படிக்குப் போவாள். இது வீட்டுக் கல்வியன்று, கல்வியின்மை. ஷிஃபா (ரலி) என்ற பெண்மணி, அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்ததை அபூதாவூதில் காண்கிறோம். நபிகளார் வீட்டுக்குள்ளேயே பெண் எழுதக் கற்றாள் என்றால், நம் வீட்டுப் பெண் பிள்ளையின் கையிலிருந்து எழுதுகோலைப் பறிக்க நாம் யார்?

இது ஒரு கோடி. இதற்கு நேர் எதிரான மறுகோடியும் நம் மண்ணிலேயே உண்டு. மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்குத் தமிழகம் நடத்திவந்த நுழைவுத் தேர்வு 2007-இல் நீங்கியதும், பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் முடிவு செய்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டார விடுதிப் பள்ளிகளை நோக்கித் தமிழகமெங்கிலுமிருந்து பெற்றோர் படையெடுத்தனர். விடியுமுன் எழுப்பி, இரவு நெடுநேரம்வரை படிக்க வைத்து, பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் உண்டு. பிராய்லர் பள்ளிகள் என்று பத்திரிகைகள் எழுதின. கோழிப் பண்ணைக்குப் பெயர்பெற்ற நம் மாவட்டத்தைக் குத்திக் காட்டிய சொல் அது. 2017-இல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு நீட் தேர்வும் வந்தது. விளம்பரப் பலகைகளில் எழுத்து மாறியது. பெற்றோரின் மனம் மாறவில்லை. நகையை அடகு வைத்து, பிள்ளையை விடுதியில் விட்டு, கட்டணம் கட்டியதோடு கடமை தீர்ந்தது என்று திரும்பி விடுகின்றனர். அந்தப் பிள்ளை சுபுஹு தொழுததா, யாரிடம் மனம் விட்டுப் பேசுகிறது, இரவில் அழுகிறதா என்று யார் கேட்பது?

வீட்டில் முடக்குவோர் கல்வியைக் கைவிடுகின்றனர். விடுதியில் தள்ளுவோர் வளர்ப்பைக் கைவிடுகின்றனர். இரண்டிலும் பாழாவது அமானிதமே. ஆதலின் நாம் சொல்வது இதுதான்: பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், பொறுப்பை மட்டும் அதனோடு அனுப்பிவிடாதீர்கள்.

வீட்டிலேயே கற்பிக்க உறுதி கொண்டோர் தம்மைத் தாமே நான்கு கேள்விகள் கேட்டுக் கொள்ளட்டும். நாள்தோறும் மணிக்கணக்கில் உட்கார்ந்து கற்பிக்கத் தகுதியும் நேரமும் உள்ளவர் வீட்டில் யார்? பிள்ளை 14 வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி செய்திருக்கிறோமா? (1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அதற்கு வாய்ப்புண்டு.) சேர்ந்து விளையாடவும் பழகவும் தோழர்கள் யார்? மகனுக்குச் செய்வதை மகளுக்கும் செய்வோமா? நான்குக்கும் நேர்மையான விடை உள்ளவர் செய்யட்டும். இல்லாதவர், 6 முதல் 14 வயதுவரை பிள்ளைக்குச் சட்டம் தந்துள்ள பள்ளி உரிமையைப் பறிக்க வேண்டாம். அரசுப் பள்ளியைத் தாழ்வாக எண்ணவும் வேண்டாம். அங்குப் படித்தோருக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது.

பள்ளிக்கு அனுப்புவோர் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. காலையில் ஓத அனுப்புங்கள். மஃரிபிலிருந்து இஷா வரை தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்வெடுக்கட்டும். அத்தாவோ அம்மாவோ பிள்ளையின் அருகில் இருக்கட்டும். எழுத்தறியாத தாயும் “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்கலாம். ஒருவேளை உணவையாவது சேர்ந்து உண்ணுங்கள். வகுப்பாசிரியரை மாதம் ஒருமுறை சந்தியுங்கள். பிள்ளை தவறினால் அடிக்குமுன் கேளுங்கள். கடுமை பிள்ளையைப் பொய்யனாக்கிவிடும் என்று அறிஞர் இப்னு கல்தூன் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருக்கிறார். ஜமாஅத்தார், பள்ளிவாசலில் மாலை நேரப் படிப்புக்கு ஒரு விளக்கும் ஓர் ஆசிரியரும் ஏற்பாடு செய்தால், வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளின் துஆ அவர்களுக்குக் கிடைக்கும்.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள இல்மையும் நல்லொழுக்கத்தையும் வழங்குவானாக! நம்மிடம் தந்த அமானிதத்தைப் பழுதின்றித் திருப்பி ஒப்படைக்க நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.