தேவசகாயம் என்ற பெயர்



கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைக்கும் நம்மவர், வேலை நிரந்தரமானால் பழவேற்காட்டு மகிமை மாதாவுக்கு இன்னது செய்கிறோம் என்று பொருத்தனை பண்ணுவதுண்டு. குற்றமன்று, பிள்ளை தாயிடம் கேட்கிறது. ஆனால் வேலை கிடையாமற்போனால் பூசைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறோமே, இது விசுவாசமா, வியாபாரமா?

2022-ல் திருச்சபை அர்ச்சிஷ்டராக உயர்த்திய தேவசகாயம், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர். பயிரும் மாடும் நஷ்டப்பட்டுக் கலங்கியிருந்தபோது, அவ்வரசின் சேனையிலிருந்த டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதனால் செல்வம் வரவில்லை; உத்தியோகமும் போயிற்று. 1749-ல் சிறைப்பட்டு, 1752-ல் ஆரல்வாய்மொழியருகே சுடப்பட்டார். தேவசகாயம் என்றால் கடவுளின் உதவி என்று பொருள். அந்த உதவி குண்டைத் தடுக்கவில்லை. மறுதலித்திருந்தால் பிழைத்திருக்கலாம், அவரோ அந்தப் பெயரை விடவில்லை.