பிந்தி வரும் ஊக்கம்

ஊக்கம் பிறந்தபின் முயற்சி பிறக்கிறதா? அல்லது முயன்றபின்னரே ஊக்கம் பிறக்கிறதா? வள்ளுவர் ஊக்கமுடைமையை 60ஆம் அதிகாரமாகவும் ஆள்வினையுடைமையை 62ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். அந்த வரிசையே வாழ்க்கையின் வரிசை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். நாற்பது வயதைக் கடந்தபின், ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடைவீட்டு மாடியில், விரிப்பின்மீது மூச்சு வாங்க மல்லாந்து கிடந்த மாலையில்தான் எனக்கு ஐயம் எழுந்தது.

நான் பயிலச் சென்றது பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்னும் மற்போர்க் கலை. மாமல்லனைக் கொண்டாடும் இனத்தவனுக்குப் பிரேசிலிலிருந்தா மல்லுக்கட்டு வர வேண்டும் என்று நண்பர்கள் நகைத்தனர். உண்மையில் அது கடல்கள் பல கடந்த கலை. ஜப்பானில் ஜிகோரோ கானோ பழைய ஜுஜுட்சு முறைகளிலிருந்து ஜூடோவை வகுத்து, 1882இல் கோடோகான் பள்ளியை நிறுவினார். அங்குப் பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலை அடைந்தார். அவர் வழிவந்த பயிற்சியைக் கார்லோஸ் கிரேசியும் அவர்தம் தம்பி எலியோவும் தரைப்போராக வளர்த்தெடுத்தனர். இதன் போட்டிகளில் குத்து இல்லை; உதை இல்லை. கழுத்தை இறுக்கியோ மூட்டை வளைத்தோ அடக்க வேண்டும். அடங்கியவன் கையால் தட்டினால் பிடி உடனே தளரும்.

அந்தத் தட்டுதலில்தான் புதியவனின் மனம் உடைகிறது. என்னைவிட இருபது கிலோ எடை குறைந்த கல்லூரி மாணவி ஒருத்தியிடம் ஒரே மாலையில் ஒன்பது முறை தட்டினேன். வெள்ளைப் பட்டை நீலமாகவே பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகள் செல்லும். கறுப்புப் பட்டைக்குப் பத்தாண்டளவு ஆகும். இதனினும் கொடியது ஒன்று உண்டு. நாம் ஓர் அடி வளர்ந்தால் உடன் பயில்வோரும் ஓர் அடி வளர்கின்றனர். இடைவெளி அப்படியே இருக்கிறது. வளர்ச்சி நிகழ்கிறது, ஆனால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மூன்றாம் மாதத்தில் நின்றுவிட்டேன். முழங்கால் வலி, மழை, அலுவலக வேலை எனக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பயிற்சி நாள்களில் மைன்ஸ் ஏரிக்கரையில் நடந்து பொழுதைப் போக்கினேன். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமாக இருந்த பெரும்பள்ளம் அது.

இரண்டு வாரம் கழித்துச் சந்தையில் அந்த மாணவியைக் கண்டேன். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை.

"நீங்கள் வராவிட்டால் எடை கூடியவரோடு பழக எனக்கு வேறு ஆளில்லையே, அங்கிள்" என்றாள்.

நான் திகைத்து நின்றேன். கட்டணம் செலுத்தியவன் என்ற எண்ணத்தில் எனக்குக் கிடைப்பது என்ன என்பதையே நாளும் கணக்கிட்டு வந்தேன். என் உடலே இன்னொருத்திக்குப் பாடநூலாக இருந்ததை ஒருமுறையும் எண்ணவில்லை. கானோ தம் கலைக்கு இரண்டு நெறிகளை வகுத்தார். ஒன்று, ஆற்றலைச் செவ்வனே பயன்படுத்துதல். மற்றொன்று, தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல். இரண்டாவதை மேடைப் பேச்சுக்கு உரிய அலங்காரம் என்றே கருதியிருந்தேன். தோட்டத்துக் கோயில் திடலில் சிலம்பம் பழகிய என் தந்தையார் இதனை நூலில் படித்தவர் அல்லர். கம்பைத் தொடுமுன் பல வாரம் காலடி மட்டுமே வைக்கச் சொன்னார்களாம். ஒருவன் வராத நாளில் எதிரே நிற்பதற்கு ஆளின்றி இன்னொருவன் வீடு திரும்புவானாம்.

இங்கே ஒரு தடையை எழுப்பலாம். பிறருக்காகப் போவது ஊக்கமா, தளையா? காயத்தை மறைத்துக்கொண்டு போவது மடமை. அதில் எனக்கு ஐயமில்லை. இக்கலை வேண்டாம் என்று தெளிந்து விலகுவதிலும் குற்றமில்லை. ஆனால் நான் தெளிந்து விலகவில்லை. தோல்வியைப் பிறர் கண்களிலிருந்து மறைக்கவே ஏரிக்கரைக்குச் சென்றேன். அந்த நாணத்துக்கு முழங்கால் வலி என்று பெயர் சூட்டியிருந்தேன்.

மறுநாள் எவ்வித ஊக்கமும் இன்றியே மாடிப்படி ஏறினேன். முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று முறை தட்டினேன். "முழங்கையை உடம்போடு ஒட்டி வையுங்கள், அங்கிள்" என்று சொல்லி, அவள் அதே பிடியை மெதுவாக மீண்டும் போட்டாள். முழங்கையை ஒட்டி வைத்தேன். பிடி விழவில்லை. அவள் சிரித்துவிட்டு வேறு வழி தேடத் தொடங்கினாள். நான்காம் முறை நான் தட்டுவதற்குள் சுற்று முடியும் மணி அடித்துவிட்டது.