குடிலைச் சுற்றிய கயிறு

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் நம் குமரி மாவட்டத்தில் குடில் கட்டும் இளைஞர்க்கு உறக்கம் ஏது? தெர்மோகோல் மலை எழும். மோட்டார் விசையில் அருவி கொட்டும், காற்றாலை சுழலும். பெத்லகேமில் ஏது காற்றாலை என்று முணுமுணுப்போருடன் நாம் சேரோம். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைத்த வைக்கோலும், உயிருள்ள மாடும் கழுதையும் அம்மக்கள் அன்றாடம் கண்டவையே. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைக் கண்டு வளர்ந்தோர் வேறெதை வைப்பர்?

நம்மை உறுத்துவது வேறு. குடிலைச் சுற்றிக் கயிறு. 'தொடாதே' என்றோர் அட்டை. சக்கரத்தைச் சுழற்றுவது எது என்று எட்டிப்பார்க்கும் சிறுவனை விரட்டுகின்றனர். போட்டிப் பரிசு போய்விடுமாம்! மகிழ்ச்சிக்கென இரவெல்லாம் உழைத்துச் செய்த பொருள் யாருக்கு உரியது? செய்தவருக்கா, நடுவருக்கா, வியந்து நிற்கும் அச்சிறுவனுக்கா? நடுவர் சென்றபின்னராவது கயிற்றை அவிழ்த்து, பொறியைத் திறந்து காட்டலாமே.