மை இறங்கும் ஆழம்

இங்க் பேனாவின் கழுத்தில் மை கசிகிறது. நடுவிரலின் பக்கவாட்டில் நீலம்.

முதலில் ஈரம் தெரிகிறது. நிறம் பிறகு.

மை ரேகை பார்த்து ஓடுகிறது. மேட்டில் வெளிறுகிறது, பள்ளத்தில் அடர்கிறது. இந்த விரலில் இத்தனை கோடுகள்.

*

மை நிற்கும் இடத்தில் உயிர் இல்லை. தோலின் மேற்பரப்பு முழுக்க இறந்த செல்களின் அடுக்கு. உடம்பின் பல இடங்களில் அது காகிதத்தைவிட மெல்லியது. உள்ளங்கையிலும் விரலிலும் தடித்தது.

தொடுகிறேன். உணர்வது அதற்கும் அடியில் இருக்கிறது.

*

குழாய்த் தண்ணீர். சோப்பு நுரை நீலமாகிறது. பாதி போகிறது. மீதி ரேகைக்குள் நிற்கிறது.

இந்த மை தண்ணீரில் கரைந்த சாயம். தண்ணீரோடு போகிறது. பால்பாயிண்ட் மை வேறு. பிசுபிசுப்பானது, தண்ணீருக்கு இளகாது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு, கொஞ்ச நேரம், பிறகு சோப்பு. ஸ்பிரிட்டும் கரைக்கும். ஆனால் தோல் வறண்டு இழுக்கும். அதற்கும் கடைசியில் எண்ணெய்தான்.

தின்னர் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். கறை வலிப்பதில்லை, அவை எரிக்கும். குழந்தையின் கை என்றால் நீலம் இருந்துவிட்டுப் போகட்டும்.

*

தேய்க்கத் தேய்க்க மூச்சு சுருங்குகிறது. யாராவது பார்ப்பார்கள் என்று ஓர் எண்ணம். வருகிறது. போகிறது.

விரல் சிவந்திருக்கிறது. நீலமும் இருக்கிறது.

தேய்ப்பதை நிறுத்துகிறேன். தண்ணீரின் சத்தம் மட்டும்.

*

அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம். வயதானால் இன்னும் மெதுவாக. மேலாக ஒட்டிய சாயம் அதற்கு முன்பே போய்விடும்.

மருதாணியும் இந்த இறந்த அடுக்கில்தான் நிற்கிறது. இலையிலுள்ள லாசோன் என்னும் சாயம் தோலின் கெராட்டினைப் பற்றிக்கொள்கிறது. சிவந்தால் மகிழ்கிறோம். வெளிறினால் சின்ன வருத்தம்.

*

ஒரு நினைவு. ஆச்சியின் முன்கை. கோலம் ஒன்று, மணிக்கட்டருகே புள்ளிகள்.

பச்சை.

விளக்குக் கரியில் குழைத்த மை. கருப்பு. மேல்தோலுக்கு அடியில் போனதும், மேலே இருக்கும் தோல் ஒளியைச் சிதறடிக்க, பச்சையாகத் தெரிகிறது.

*

பச்சை குத்தும் ஊசி மேலடுக்கைத் தாண்டி அடித்தோலுக்கு இறங்குகிறது. அங்கே உதிர்தல் இல்லை.

கரி அந்நியம் என்று உடம்பு அறிகிறது. விழுங்கும் செல்கள் வருகின்றன. மேக்ரோஃபேஜ் என்று பெயர். விழுங்குகின்றன. செரிக்க முடிவதில்லை. வயிற்றில் கரியோடு அங்கேயே இருந்துவிடுகின்றன.

2018-இல் பிரான்ஸின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் எலியின் தோலில் ஒன்றைக் கண்டார்கள். மை விழுங்கிய செல் சாகிறது. மை வெளியே விழுகிறது. அடுத்து வரும் செல் அதை எடுத்து விழுங்குகிறது. மை இடம் மாறுவதில்லை. தாங்கும் செல்தான் மாறுகிறது.

ஆச்சியின் கையிலும் அப்படி எத்தனை கைமாற்றம். ஆச்சி அறியாமல்.

தோல் சுருங்குகிறது. கோடு தடிக்கிறது. புள்ளி புள்ளியாகவே இருக்கிறது.

*

ஆல்ப்ஸ் மலையின் பனியில் 1991-இல் ஒரு மனிதனின் உடல் கிடைக்கிறது. இறந்து 5,000 ஆண்டுகளுக்கு மேல். உடலில் 61 கரிக் குறிகள்.

பனி. கரி. தோல்.

*

பச்சை குத்தியதை அழிக்கும் லேசர் அறையில் கண்ணை மூடுகிறார்கள். வெளிச்சம் வந்து போவது ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள்.

லேசர் மையை வெளியே எடுப்பதில்லை. துகளை உடைக்கிறது. உடைந்ததை உடம்புதான் நிணநீர் வழியாகக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொண்டுபோகிறது. கொஞ்சம் நிணநீர்க் கணுக்களில் தங்கிவிடுகிறது. கருப்பு எளிதில் உடைகிறது. மஞ்சள் அவ்வளவு சுலபமாக இணங்குவதில்லை. ஒரு தடவையில் முடியாது. இடையில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் சிலருக்கு ஒரு நிழல் மிஞ்சுகிறது.

பெயர் எழுதிய இடத்தில் அந்த நிழலைப் பார்த்திருக்கிறேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

*

வாக்குச்சாவடி. இடது ஆட்காட்டி விரல் நீள்கிறது. குச்சி தொடுகிறது. குளிர்ச்சி, ஒரு கணம்.

அப்போது ஊதா. வெயிலுக்கு வந்ததும் கருக்கிறது.

1962 பொதுத் தேர்தலிலிருந்து இந்த மை இருக்கிறது. மைசூரில் தயாராகிறது. அதில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலிலுள்ள உப்போடு சேர்ந்து வெள்ளி குளோரைடு ஆகிறது. அது தண்ணீரில் கரையாது. ஒளி பட்டால் கருக்கும்.

இதையும் தேய்க்கிறார்கள். சோப்பு, எலுமிச்சை. மை அப்படியே.

தோலில் பட்டது தோலோடு உதிர்கிறது. நகத்தில் பட்டது அங்கே தங்கி, நகத்தோடு சேர்ந்து நுனியை நோக்கி நகர்கிறது. வெட்டி எறியும் நாள்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது.