விலைக்கு வந்த துணை

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். உணவும் உடையும் உறையுளும் குறைவின்றி அமைந்த பின்னரும், தன் சொல்லைக் கேட்க ஒரு செவியும் தன் முகத்தை நோக்க ஒரு முகமும் அவனுக்கு வேண்டியிருக்கின்றன. முற்காலத்தில் இத்தேவையைச் சுற்றமும் ஊரும் நிறைவு செய்தன. நகர வாழ்க்கையில் சுற்றம் சுருங்கியது, ஊர் கலைந்தது, தேவை மட்டும் சுருங்கவில்லை. தேவை உள்ள இடத்தில் வாணிகம் தோன்றுவது உலகியல்பு. அவ்வாறு தோன்றிய வாணிகங்களுள் ஒன்று, மணிக்கணக்கில் கட்டணம் பெற்றுத் துணையிருக்கும் தொழில். பெண்களைப் போலவே ஆண்களும் இதில் ஈடுபட்டுள்ளனர். விருந்துக்கு உடன் செல்வோர், நடனத்திற்குக் கைகொடுப்போர், மதுவிடுதியில் அருகமர்ந்து உரையாடுவோர் எனப் பல திறத்தினரான அவ்வாடவரை இக்கட்டுரையில் 'கட்டணத் துணைவர்' எனக் குறிப்போம்.

பள்ளி ஆசிரியன் ஒருவன் இப்பொருளை எடுத்துப் பேசுவது சிலருக்கு நெருடலாகத் தோன்றலாம். அத்தொழிலின் பெருமை சிறுமைகளை அளப்பது ஈண்டு நம் நோக்கமன்று. அதன்கண் எழும் வினா ஒன்று நம் அனைவரையும் தொடுகிறது. பணம் கொடுத்துப் பெறும் துணையில் நம்பிக்கைக்கு இடமுண்டா? உண்டெனில், அந்நம்பிக்கையைக் காப்பது எது?

இரு வேறு கருத்துகள்

இவ்வினாவிற்கு உலகில் இரு விடைகள் வழங்குகின்றன. பொருளுக்காகக் காட்டப்படும் அன்பு முழுவதும் பொய். பொய்யில் நம்பிக்கையைத் தேடுவது பேதைமை என்பது ஒன்று. நம் வள்ளுவப் பெருந்தகையும் வரைவின் மகளிர் என்னும் அதிகாரத்தில், பொருள் விரும்பி இன்சொல் பேசுவோரைக் கடிந்துரைக்கிறார். அவ்வதிகாரத்தை அவர் காமத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், நட்பு, தீ நட்பு, கூடாநட்பு ஆகிய அதிகாரங்களுக்குப் பின்னர் வைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது. ஆயினும் அவ்வதிகாரம் மகளிரையே பேசுகிறது. ஆடவரும் அவ்வாறு விலைகொள்ளும் இக்காலத்தில், அவ்வறிவுரையை இருபாலார்க்கும் பொதுவாக்கிக் கொள்வதே முறை.

மற்றொரு விடை வணிகர் விடை. விற்பவனும் வாங்குபவரும் வயது வந்தோர், விலை பேசினர், பெற்றனர், இதில் அறம் பேச என்ன இருக்கிறது என்பது அவர் வாதம்.

இவ்விரண்டும் முழுமையானவை அல்ல. முதல் விடையை அப்படியே ஏற்றால், கூலி பெறும் எவருடைய கனிவையும் நாம் பொய்யெனத் தள்ள வேண்டிவரும். செவிலியர் ஊதியம் பெறுகிறார். அவர் நோயாளியின் நெற்றியில் வைக்கும் கை பொய்யாகிவிடுமா? ஆசிரியர் நாமும் மாதந்தோறும் சம்பளம் பெறுகிறோம். அதனால் மாணவர்பால் நாம் கொண்ட அக்கறை நடிப்பாகிவிடுமா? அமெரிக்கச் சமூகவியலறிஞர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களின் புன்னகையை ஆராய்ந்தார். உடலால் உழைப்பது போன்றே உள்ளத்தாலும் உழைத்து ஊதியம் பெறுவோர் உளர் என அவர் நிறுவினார். எனவே, பணம் நுழைந்த அளவிலேயே கனிவு பொய்யாகிவிடுவதில்லை. வேறொன்று நுழையும்போதுதான் பொய்யாகிறது. அவ்வேறொன்று எது என்பதே நாம் காண வேண்டியது.

யாழிசைஞனின் கூலி

கிரேக்க நாட்டுப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், நட்பைப் பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, பண்பு கருதிய நட்பு என மூவகைப்படுத்தினார். ஒருவர் இன்பத்தையும் மற்றவர் பயனையும் நாடி ஒன்றுகூடும்போது, தாம் நாடியது கிட்டாத நிலையில் பிணக்குத் தோன்றும் என்று அவர் விளக்கினார். அங்கே ஒரு சிறு நிகழ்ச்சியையும் எடுத்துக் காட்டுகிறார். யாழிசைஞன் ஒருவனை அழைத்த செல்வன், எவ்வளவு நன்றாகப் பாடுகிறாயோ அவ்வளவு மிகுதியாகத் தருவேன் என்றான். இசைஞனும் பாடினான். மறுநாள் காலை அவன் கூலி கேட்டபோது, உன் இன்பத்திற்கு ஈடாக நானும் இன்பம் தந்துவிட்டேன் என்று செல்வன் கைவிரித்தான். மிகுதியாகப் பெறுவோம் என்னும் நம்பிக்கையால் இசைஞன் மகிழ்ந்திருந்தான் அல்லவா, அதுவே கூலியாம்!

இங்கே ஏமாந்தவன் விற்றவன், ஏய்த்தவன் வாங்கியவன். நம்பிக்கைக்கேடு எப்போதும் விலைகொள்பவனிடமிருந்தே வரும் என எண்ணுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். செல்வன் செய்த பிழை யாது? இசைஞன் எதை நம்பிப் பாடினான் என்பதை அவன் நன்கு அறிவான். அறிந்தும் அந்நம்பிக்கையைத் திருத்தாமல், இரவு முழுவதும் அதன் பயனை நுகர்ந்தான். இதனை நினைவில் வைத்து மேலே செல்வோம்.

வேலியாகும் முறைமை

நம் சிங்கப்பூரில் 1923இல் தோன்றிய நியூ வேர்ல்ட் போன்ற கேளிக்கைப் பூங்காக்களின் நடனக் கூடங்களை மூத்தோர் அறிவர். அங்குச் சீட்டு வாங்கியவர் ஆடல் மங்கையுடன் ஒரு பாட்டுக்கு ஆடலாம். பாட்டு முடிந்தால் சீட்டும் முடிந்தது. அக்கூடங்களின் குறைகள் பலவாகலாம். ஆனால் சீட்டு எதை விற்றது என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இதே தெளிவை ஆடவர் தொழிலிலும் காணலாம். குயின் எலிசபெத் 2 போன்ற பெரும் பயணக் கப்பல்களில், துணையின்றிப் பயணம் செய்யும் பெண்மணிகளுடன் நடனமாடுவதற்கென்றே ஆடவர் சிலர் அமர்த்தப்பட்டனர். பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள்; நடனமும் உரையாடலும் அறிந்தவர்கள். அவர்களுக்கு விதிக்கப்படும் முறைமைகள் இரண்டு தலையாயவை. ஒருவரிடம் மட்டும் தனிச்சலுகை காட்டாமல் எல்லாரிடமும் சமமாகப் பழக வேண்டும். பயணியருடன் காதல் உறவு கொள்ளலாகாது. இவ்விரண்டும் உணர்ச்சியற்ற கட்டுப்பாடுகளாகத் தோன்றலாம். உண்மை அவ்வாறன்று. கணவனை இழந்த மூதாட்டி ஒருவர் அச்சமின்றி அவ்வாடவரின் கையைப் பற்றி ஆட முடிவது இம்முறைமைகளால்தான். இன்சொல்லுக்குப் பின்னால் வேறு கணக்கு இல்லை என்று அவர் அறிவார். ஊரார் பேச்சுக்கும் அங்கு இடமில்லை.

முறைமை அன்பைத் தடுக்கும் சுவர் என இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். பயிரைச் சுற்றிய வேலி பயிருக்குப் பகை ஆகுமா? எல்லை தெரிந்த இடத்தில்தான் மனிதன் இயல்பாக நடமாடுகிறான். நேரத்தைக் காத்தல், பேசிய கட்டணத்தை இடையில் மாற்றாதிருத்தல், கேட்ட அந்தரங்கத்தை வெளியிடாதிருத்தல், மறுப்பை மறுப்பாகவே ஏற்றல் ஆகியவை கட்டணத் துணைக்கு உரிய முறைமைகள். இவற்றுள் அந்தரங்கம் காத்தல் தலைசிறந்தது. தனிமையில் வாடுபவர் பணத்தோடு தம் துயரையும் ஒப்படைக்கிறார். பணத்திற்குரிய நேரம் முடிந்த பின்னும் அத்துயரைக் காக்கும் கடமை முடிவதில்லை.

தோக்கியோ காட்டும் பாடம்

எல்லை மறைக்கப்பட்டால் நேர்வது யாது என்பதற்கு ஜப்பானியத் தலைநகர் தோக்கியோ சான்று பகர்கிறது. அங்குச் சிஞ்சுக்கு வட்டாரத்தில் உள்ள கபுக்கிச்சோ பகுதியில், பெண் வாடிக்கையாளரை ஆடவர் உபசரிக்கும் 'ஹோஸ்ட்' விடுதிகள் மலிந்துள்ளன. 1971இல் தொடங்கப்பட்டுப் பெரும்புகழ் பெற்ற விடுதியின் பெயர் 'ஐ'. ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு அன்பு என்பது பொருள்.

முதன்முறை வரும் பெண்ணிடம் சிறு தொகையே பெறுவர். இளைஞர் பலர் மாறி மாறி வந்து அறிமுகம் செய்துகொள்வர். அவருள் ஒருவரை அவள் தேர்ந்தெடுக்கிறாள். பல விடுதிகளில் ஒருமுறை தேர்ந்தவரைப் பின்னர் மாற்ற இயலாது. நாள்தோறும் நலம் விசாரிக்கும் செய்திகள் அவள் கைப்பேசிக்கு வரும். அவ்விளைஞனின் வருவாயும் விடுதியில் அவன் பெறும் வரிசையும், அவள் வாங்கும் மதுவின் விலையைப் பொறுத்தவை. கையில் பணமில்லையெனினும் கடனாகக் குடிக்கலாம் என்னும் வழக்கமும் நிலவியது. அவள் கொடுக்கத் தவறினால் அக்கடன் அவன் தலையில் விழும். ஆகவே உபசரித்தவனே கடன் தண்டுபவனாகவும் ஆகிறான். அவனும் இரவுதோறும் குடித்து உடல் கெட்டு, பிறர் கடனைச் சுமந்து நிற்கும் இளைஞன்தான் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இக்கடனைத் தீர்க்க இளம்பெண்கள் சிலர் உடலை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட செய்தி 2023இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வரை சென்றது. கபுக்கிச்சோ விடுதி நடத்துநர் பலர், 2024 ஏப்ரலுக்குள் கடன்முறையைக் கைவிடுவதாக உறுதி கூறினர். 2025 மே மாதத்தில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் அவ்வாண்டு ஜூன் 28இல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் தடை செய்தவற்றுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. ஒரு பெண் தன்னை உபசரிப்பவன்மீது காதல் கொண்டிருக்கிறாள். அவனும் தன்னை அவ்வாறே விரும்புகிறான் எனத் தவறாக நம்புகிறாள். அவள் தவறாக நம்புவதை அவன் அறிவான். அறிந்தும், நீ செலவு செய்யாவிடில் நம் உறவு முறிந்துவிடும் என்றோ, என் பதவி தாழ்ந்துவிடும் என்றோ கூறி அவளைச் செலவு செய்ய வைக்கிறான். இதுவே விடுதிகள் செய்யலாகாதவற்றின் வரிசையில் வைக்கப்பட்டது.

இச்சட்டம் இன்சொல்லைத் தடுக்கவில்லை, கட்டணத்தைத் தடுக்கவில்லை, ஒருவர்மீது ஒருவர் விருப்பம் கொள்வதையும் தடுக்கவில்லை. மற்றவருடைய தவறான நம்பிக்கையை அறிந்து, அதிலிருந்து ஊதியம் ஈட்டுவதையே தடுத்தது. யாழிசைஞனை அழைத்த செல்வன் செய்த பிழையும் இதுவே அல்லவா? கனிவைப் பொய்யாக்குவது எது என்னும் நம் வினாவிற்கு இங்கே விடை கிடைக்கிறது. வாயால் ஒரு பொய்யும் சொல்லாமலே ஒருவர் பெரும் பொய்யில் வாழ முடியும். பிறர் மயங்கியிருப்பதைக் கண்டும் வாய்மூடி, அம்மயக்கத்தின் விளைவை அறுவடை செய்வதே நம்பிக்கைக்கேட்டின் வேர். சட்டம் வற்புறுத்தலைத் தண்டிக்கும்; அறமோ அந்த மௌனத்தையும் வினவும்.

வாங்குவோர் கடமை

அறத்தின் பாரம் முழுவதையும் விற்பவன் தோளில் ஏற்றுவது நேர்மையன்று. பணம் கொடுத்தவர் வாங்கியது நேரத்தையும் மரியாதையையுமே, ஆளை அன்று. செருமானிய மெய்யியலார் காண்ட், எம்மனிதனையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என வற்புறுத்தினார். கட்டணம் செலுத்திவிட்டேன் என்னும் செருக்கில் இழிவாகப் பேசுவதும், எல்லை மீறிய நெருக்கத்தைக் கோருவதும், அவனுடைய சொந்த வாழ்க்கையைத் துருவித் தேடுவதும் அவனைக் கருவியாக்கும் செயல்கள். தனிமைத் துயர் பெரிதே. எனினும் அத்துயர் பிறர் சுதந்திரத்தைப் பறிக்கும் உரிமையை எவர்க்கும் தருவதில்லை.

மற்றொரு கடமையும் உண்டு. தாம் பெற்றது எது என்பதைத் தமக்குத் தாமே பொய்யின்றிச் சொல்லிக்கொள்வது அது. சிலப்பதிகாரத்தில் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை பேசப்பட்ட மாலையைக் கோவலன் வாங்கி மாதவியை அடைந்தான். விலையில் தொடங்கிய அவ்வுறவில் மாதவியின் அன்பு மெய்யாகவே முதிர்ந்தது. ஆனால் கடற்கரையில் அவள் பாடிய பாட்டைக் கேட்டதும், அவள் நெஞ்சில் வேறொருவன் இருக்கிறான் என அவன் ஐயுற்றான், அவள் குலத்தை நினைத்தான், பிரிந்தான். தோக்கியோப் பெண் இல்லாத அன்பை உண்டென நம்பினாள். கோவலன் உள்ள அன்பை இல்லையென நம்பினான். விலையின் நினைவு இடையில் நிற்கும்போது இருவகை மயக்கமும் எளிதில் நேரும். நாம் ஒருவருக்கொருவர் எத்தகையோர் என வாய்திறந்து கேட்டுத் தெளியாத இடத்தில், மெய்யன்புகூடத் தன்னை மெய்ப்பிக்க வழியின்றித் தவிக்கும்.

நம் வகுப்பறைக்கு

இச்சிந்தனை தோக்கியோவின் இரவு விடுதிகளோடு நின்றுவிடுவதன்று. இணையத்தில் காதல் மொழி பேசிப் பணம் பறிப்போரைப் பற்றி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காவல்துறையினர் தொடர்ந்து எச்சரித்து வருகின்றனர். ஏமாந்தோரைப் பேராசைக்காரர் என நாம் எளிதில் ஏளனம் செய்கிறோம். அவருள் பலர் வேண்டியது பொருளன்று. தம்மை விசாரிக்கும் ஒரு குரலே. அக்குரலை வீட்டிலும் பள்ளியிலும் நாம் கொடுத்திருந்தால், அவர் அதைச் சந்தையில் தேடியிருக்கமாட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மாணவர்கள் நாளை பலவகைத் தொழில்களில் ஈடுபடுவார்கள். விற்பனையாளராக, முகவராக, மருத்துவராக, ஆசிரியராகப் பிறருடைய நம்பிக்கையைப் பெற்றே அவர்கள் பிழைக்க வேண்டும். வாடிக்கையாளர் தம்மைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதை அறியும் கணம் ஒவ்வொருவர் வாழ்விலும் வரும். வாய்மூடி இருந்தால் ஊதியம் கூடும். உண்மை உரைத்தால் குறையும். அக்கணத்தில், "நீங்கள் எண்ணுவது அவ்வாறன்று" என்று சொல்லும் துணிவை அவர்களிடத்தில் வளர்ப்பது நம் கடமை. அதைச் சொல்லக்கூடியவர் எத்தொழிலில் இருந்தாலும் நம்பத்தக்கவர். சொல்லாதவர், உலகம் போற்றும் தொழிலில் இருப்பினும், நம்பத்தக்கவர் ஆகார்.