ஷெல்லுக்குத் தாத்பர்யம் உண்டா?

1986 டிசம்பரில் பெங்களூரில் கணினி ஆய்வாளர்களும் சாஸ்திரம் படித்த பண்டிதர்களும் ஒரே மாநாட்டில் கூடினார்கள். சமஸ்கிருதத்தின் இலக்கண, தர்க்க மரபு செயற்கை நுண்ணறிவுக்கு எப்படி உதவும் என்பது பேச்சு. அதற்கு முந்தைய ஆண்டு ரிக் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் இதே பொருள் பற்றி எழுதிய கட்டுரை இந்த ஆவலைக் கிளப்பியிருந்தது. ஆனால் சொற்கள் எப்படிப் பொருள் தருகின்றன என்று அந்த மரபு எழுப்பிய கேள்வியை அதைவிட எளிய இடத்தில் பார்க்கலாம். அதே ஊரின் எலக்ட்ரானிக் சிட்டியில் நாள்தோறும் தட்டச்சாகும் ஷெல் கட்டளைகளே அந்த இடம்; தட்டச்சிடும் வரியைப் படித்து உரிய நிரலிடம் ஒப்படைப்பதே ஷெல்.

17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம், சொற்கள் வாக்கியமாக மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது: ஒரு சொல் இன்னொன்றை எதிர்பார்க்கும் ஆகாங்க்ஷை, பொருள் பொருந்தும் யோக்யதை, இடைவெளியின்றி அடுத்தடுத்து வரும் சந்நிதி. பசுவைக் கொண்டு வரச் சொல்லும் சொற்களை யாமத்துக்கு ஒன்றாக உச்சரித்தால் பொருள் பிறக்காது.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் நிரலின் கமிட் கட்டளையில் வரும் '-எம்' ஆப்ஷன் அப்பட்டமான ஆகாங்க்ஷை. அடுத்து ஒரு செய்தி வேண்டும் என்று காத்து நிற்கிறது. பிழை திருத்தம் என்று மேற்கோள் குறி இல்லாமல் அடித்தால், 'பிழை' மட்டுமே செய்தியாகிறது. 'திருத்தம்' ஒரு கோப்பின் பெயர் என்று எண்ணி, அப்படி எதுவும் இல்லை என்று கிட் மறுக்கிறது. இடைவெளியைக் கண்டு துண்டு போட்டது கிட் அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் ஷெல். மேற்கோள் குறி இட்டால் இரண்டு சொல்லும் ஒரே ஆர்க்யுமென்டாகச் சேர்கின்றன. வேலை முடிந்ததும் ஷெல் குறியை நீக்கிவிடுகிறது, நிரல் அதைப் பார்ப்பதே இல்லை.

இந்த இடைவெளியின் விலை சிறிதல்ல. 2001இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் 2.0 நிறுவியில், அழிக்க வேண்டிய பாதையைச் சுற்றி மேற்கோள் குறி விடுபட்டிருந்தது. டிஸ்க்கின் பெயரில் இடைவெளி இருந்த சிலருக்குச் சேமித்ததெல்லாம் அழிந்தது.

அன்னம்பட்டரின் நியாய மரபைச் சேர்ந்த நையாயிகர்கள் நான்காவதாகத் தாத்பர்யத்தையும் பேசுவார்கள். சாப்பிடும்போது சைந்தவம் கேட்டால் உப்பு, பயணம் கிளம்பும்போது கேட்டால் குதிரை. கேட்பவர் சூழலைப் பார்த்துச் சொன்னவரின் உத்தேசத்தை அறிகிறார். ஷெல்லுக்கு அந்தச் சூழல் கிடையாது. இந்த விஷயத்தில் அது வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் மீமாம்சகர்களுக்கே நெருக்கம். வேதத்துக்கு ஆசிரியர் இல்லை என்பது அவர்கள் கொள்கை. கேட்டுத் தெளிய ஆள் இல்லாததால் விளக்க விதிகளைக் கொண்டே பொருளைத் தீர்மானித்தார்கள். எழுதியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் ஷெல் அவர் கட்டளையை ஆசிரியர் அற்ற வாக்கியமாகவே படிக்கிறது. வித்தியாசம் ஒன்று உண்டு: பொருந்தாத பொருள் வந்தால் மீமாம்சகர் நிறுத்தி வாதிடுவார், ஷெல் நிறைவேற்றிவிடும்.